தாய்மொழிக் கட்டத்தில் நான் எழுதியது

1

ஹைதராபாத்தை வெளிநாடு என்று நான் சொன்னால் கோவில்பட்டியில் இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் கேட்கவில்லை என்பதைத் தவிர எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. முப்பத்தொரு வருடத்துக்கு முன் கல்யாணமாகி மல்காஜ்கிரியில் வந்து இறங்கியபோது பால்காரர் பேசியது புரியவில்லை, பஸ்ஸில் எழுதியிருந்தது புரியவில்லை, புகுந்த வீட்டில் பேசிய தமிழும் பாதிதான் புரிந்தது. ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ, எதற்கு என்பதற்கு கைக்கு. இது எந்த ஊர்த் தமிழ் என்று கேட்டதற்கு என் கணவர், "இதான் தமிழு, நீ பேசுறதுதான் இன்னான்னு தெரியல" என்றார்.

அடுத்த வாரம் அவருக்கு வருஷத் திதி. அதற்குச் சாமான் பட்டியல் போட்டுக்கொண்டிருந்த போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் பகுதித் தமிழர் சங்கத்தின் செயலாளர் வந்தார். பட்டு வேட்டி, கையில் ஒரு துண்டறிக்கைக் கட்டு.

"கணக்கெடுப்புக்கு ஆளுங்க வருவாங்கம்மா. தாய்மொழி என்னன்னு கேப்பாங்க. தமிழ்னு அழுத்தமா எழுத வைங்க. நம்ம எண்ணிக்கை குறைஞ்சா ஸ்கூல்ல தமிழ் செக்‌ஷன மூடிருவாங்க."

முப்பத்தொரு வருடமாக இதே வாக்கியம். அந்தத் தமிழ் செக்‌ஷனை மூடிப் பல காலம் ஆகிறது. அங்கே இப்போது ஜெராக்ஸ் எடுக்கிறார்கள். செயலாளரின் பேரன் படிக்கும் பள்ளியில் தமிழ் என்ற சொல்லைக்கூட யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் வீடு வீடாக ஏறி, எந்த விண்ணப்பம் வந்தாலும் தாய்மொழிக் கட்டத்தில் தமிழ் என்று எழுதுங்கள், கையெழுத்தையும் தமிழிலேயே போடுங்கள் என்று சொல்லிச் சொல்லி, இங்குள்ள எங்கள் எல்லோருக்கும் அது கைப்பழக்கமாகிவிட்டது. கேஸ் இணைப்புக்குப் போனாலும் தமிழ். பல் பிடுங்கப் போனாலும் தமிழ்.

அந்தப் பழக்கத்தால் போன வருஷம் நான் செய்த காரியத்தை அவரிடம் சொல்ல முடியாது. டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் தூரத்தில் இருக்கிறீர்கள்.

2

என் கணவர் தனபால் மல்காஜ்கிரியிலேயே பிறந்தவர். ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர் அவருடைய தாத்தா. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, தெருவில் தக்கனி என்கிற ஹைதராபாத் உருது. தெலுங்குப் பேப்பரைத் தலைப்பிலிருந்து டெண்டர் விளம்பரம் வரை ஒரு வரி விடாமல் படிப்பார். தமிழில் 'அ' எது 'ஆ' எது என்று கேட்டால் விழிப்பார்.

தெலுங்கு எழுத்தை நான் ஜிலேபி என்பேன். என் எழுத்தை அவர் கோழி கிளறினது என்பார். எங்கள் மகன் பிரவீணின் மதிப்பெண் அட்டையில் நான் தமிழில் கையெழுத்துப் போட்டதை ஒருமுறை பள்ளியில் ஏற்காமல் திருப்பி அனுப்பினார்கள். இவர் பாதி ஷிஃப்டில், வேலை பார்த்த உப்பலிலிருந்து நேராகப் பள்ளிக்குப் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தார். "இது என் வீட்டுக்காரி கையெழுத்து. இருட்டுல காட்டினாலும் சொல்வேன்னு சொல்லிட்டு வந்தேன்" என்றார். அன்று எனக்குப் பெருமையாக இருந்தது.

உப்பலில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்பு சூப்பர்வைசர் வேலை. இயந்திரம் பழுதானால் திறந்து பார்ப்பார். சரிசெய்ய முடியும் என்றால் ராத்திரி பகல் பார்க்க மாட்டார். முடியாது என்று தெரிந்தால் சாக்பீஸால் அதன்மேல் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். அதற்குப் பிறகு அதன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நுரையீரல் தழும்பாகி இறுகிக்கொண்டே போகிறது, இது திரும்பாது என்று டாக்டர் சொன்னார். யாரிடம் சொன்னார்? என்னிடமும் பிரவீணிடமும், அறைக்கு வெளியே, ஆங்கிலத்தில். உள்ளே நோயாளி ஆக்ஸிஜன் குழாயோடு டெண்டர் விளம்பரம் படித்துக்கொண்டிருந்தார். இந்த ஊர் டாக்டர்களுக்கு இதில் நல்ல பயிற்சி. நோய் ஒருவருக்கு, செய்தி இன்னொருவருக்கு. நோயாளியிடம் போய், "கொஞ்சம் இன்ஃபெக்‌ஷன், பார்த்துக்கலாம்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

டாக்டரை மட்டும் ஏன் சொல்கிறேன். "அவுககிட்ட சொல்ல வேண்டாம் டாக்டர்" என்று கேட்டுக்கொண்டது நான். தெரிந்தால் தன்மேலேயே அந்தப் பெருக்கல் குறியைப் போட்டுவிடுவார் என்று பயந்தேன்.

3

இருக்கிற மருந்துகள் கேட்கவில்லை. வெளிநாட்டில் ஒரு புது மருந்து சோதனையின் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது, சட்டப்படி அதைக் கேட்டுப் பார்க்க ஒரு வழி உண்டு, சீக்கிரம் ஆரம்பித்தால் நல்லது என்றார் டாக்டர். அன்றே அந்தச் சட்டத்தைப் பிரவீணின் லேப்டாப்பில் உட்கார்ந்து படித்தேன். நான் பி.காம். அரசாங்க ஆங்கிலம் எனக்குப் புதிதல்ல.

வேறு வைத்தியம் பலிக்காத, உயிருக்கு ஆபத்தான நோயாளிக்கு, இன்னும் அனுமதி பெறாத மருந்தை வரவழைத்துக் கொடுக்கலாம். கொடுக்கலாம்தான், கொடுக்க வேண்டும் என்றில்லை. டாக்டர் கேட்க வேண்டும், மருத்துவமனையின் நெறிமுறைக் குழு சரி என்க வேண்டும், டெல்லி சரி என்க வேண்டும், மருந்துக் கம்பெனிக்கு மனசு வர வேண்டும், நோயாளி சம்மதிக்க வேண்டும். இவ்வளவு பேரும் சம்மதிக்கும் வரை நோய் ஒரு ஓரமாக உட்கார்ந்து காத்திருக்க வேண்டும் என்று எழுத மட்டும் மறந்துவிட்டார்கள். இந்த வழிக்குக் கருணை அடிப்படை என்று பெயர். அப்பா செத்தால் பிள்ளைக்கு வேலை கொடுக்கிற அதே கருணை.

அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி போனில் வந்தான். "அக்கா, இங்கல்லாம் அது ரைட்டு. நோயாளி நேரா கம்பெனிகிட்டயே கேக்கலாம்."

"கம்பெனி குடுத்துத்தான் ஆகணுமா?"

"அது... கேக்குறதுக்கு ரைட்டு இருக்கு. குடுக்கிறது அவங்க இஷ்டம்."

கேட்பதற்கு உரிமை. கோயில் வாசலில் உட்கார்ந்திருப்பவருக்கும் அந்த உரிமை இருக்கிறது. அதற்கு ஒரு சட்டம் போட்டு, கைதட்டி, என் தம்பி போன்றவர்களைப் பெருமையாகப் பேச வைத்திருக்கிறார்கள். இங்கே கருணை, அங்கே உரிமை. இரண்டு இடத்திலும் மருந்து கம்பெனியின் அலமாரியில்தான்.

4

மருத்துவமனையில் இந்த விண்ணப்பங்களைக் கவனித்தவள் ஸ்வாதி என்ற பெண். பதினொரு இடத்தில் கையெழுத்து வேண்டும் என்றாள். என்ன ஏது என்று பார்க்காமல் பதினொரு இடத்திலும் தமிழில் போட்டேன். நோயாளியின் விவரத் தாளையும் நானே நிரப்பினேன். பெயர், வயது, ரத்த வகை, தாய்மொழி. கை தானாகத் தமிழ் என்று எழுதியது. சங்கம் சொன்னபடி, அழுத்தமாக.

இரண்டு நாள் கழித்து ஸ்வாதி கூப்பிட்டாள். நோயாளிக்கு எந்த மொழி என்று எழுதியிருக்கிறதோ அந்த மொழியில்தான் சம்மதப் படிவம் கொடுக்க வேண்டும் என்பது விதி. தெலுங்கில் இருக்கிறது, இந்தியில் இருக்கிறது, உருதுவில்கூட இருக்கிறது. தமிழில் இல்லை. மொழிபெயர்த்து, அதைத் திரும்ப ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்துச் சரிபார்த்து, இரண்டுக்கும் சான்றிதழ் வாங்கி, நெறிமுறைக் குழுவில் வைக்க வேண்டும். குழு மாதத்துக்கு ஒருமுறைதான் கூடும். மற்ற நாளெல்லாம் அந்த ஆஸ்பத்திரியில் நெறிமுறைக்கு விடுமுறை.

"தெலுகு ஃபார்ம் ரெடிகா உந்தி மேடம்" என்றாள் ஸ்வாதி. விவரத் தாளில் தெலுங்கு என்று மாற்றி எழுதிக் கொடுத்தால் நாளைக்கே சம்மதம் வாங்கிவிடலாமாம்.

பிரவீணும் அதையே சொன்னான். அவனுக்கு நான் பேசும் தமிழ் புரியும், பதில் மட்டும் தெலுங்கில் வரும். "அம்மா, நான்னக்கி தெலுகு சதவடம் வச்சு கதா" என்றான். அப்பாவுக்குத்தான் தெலுங்கு படிக்கத் தெரியுமே என்கிறான்.

அங்கேதான் எனக்கு உறைத்தது. தெரியும். தலைப்பிலிருந்து டெண்டர் விளம்பரம் வரை படிக்கிறவர். சம்மதப் படிவத்தின் முதல் பக்கத்திலேயே நோய் என்ன, அது எங்கே கொண்டுபோய் விடும் என்று எழுதியிருக்கும். தெலுங்கில் கொடுத்தால் ஒரு வரி விடமாட்டார். தமிழில் கொடுத்தால் புரட்டிப் பார்த்துவிட்டு, எங்கே கையெழுத்து என்று என்னைக் கேட்பார்.

"எங்க மொழி தமிழு. அதுலதான் வேணும். எங்களுக்கு அந்த உரிமை இருக்கு" என்றேன்.

ஸ்வாதி என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை கூடியிருந்தது. மொழிப்பற்றுள்ள அம்மா என்று நினைத்திருப்பாள். எவ்வளவு நாளாகும் என்று கேட்டேன். ஒரு வாரம் என்றாள். ஒரு வாரம்தானே என்று எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஐந்து வாரம் ஆனது. முதல் மொழிபெயர்ப்பில் மருந்தின் பெயர் தப்பு. இரண்டாவதில் சான்றிதழில் முத்திரை இல்லை. மூன்றாவது சரியாக வந்தபோது குழு கூடி முடித்திருந்தது. அடுத்த கூட்டத்தில் ஒருவர் வராததால் நான்கு நாள் ஒத்திவைத்தார்கள். வராதவர் பொதுமக்கள் சார்பில் குழுவில் இருப்பவராம். எந்தப் பொதுமக்களோ. ஒவ்வொரு தடவையும் மல்காஜ்கிரியிலிருந்து ஒரு மணி நேரம் போய், அரை மணி நேரம் உட்கார்ந்து, "இன்னும் வரலை மேடம்" என்பதைக் கேட்டு, ஒரு மணி நேரம் திரும்பி வந்தேன். திட்டிக்கொண்டே வந்தேன். சட்டத்தை, குழுவை, மொழிபெயர்ப்புக் கம்பெனியை. தெலுங்கு என்று ஒரு சொல்லை எழுதிக் கொடுத்தால் எல்லாம் முடியும் என்பதை மட்டும் என்னிடமே நான் பேசவில்லை.

அந்த ஐந்து வாரத்தில் அவர் மாடிக்குப் போவதை நிறுத்தினார். பிறகு வாசலுக்குப் போவதையும். குளிப்பதற்கு ஸ்டூல் போட வேண்டியிருந்தது.

5

படிவம் வந்த அன்று அவர் வார்டில் இருந்தார். ஸ்வாதி ஒரு கேமராவை ஸ்டாண்டில் மாட்டினாள். சம்மதத்தைப் படம் பிடித்து வைப்பது அந்த ஆஸ்பத்திரியின் வழக்கம். தமிழ்ப் படிவத்தை அவரிடம் நீட்டி, படியுங்கள் சார் என்றாள்.

"நக்கோம்மா. பேசத்தான் வரும், படிக்க வராது. எங்க கையெழுத்துன்னு சொல்லு."

அவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். படிக்கத் தெரியாத நோயாளிக்கு, குடும்பத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முழுவதையும் படித்துக் காட்ட வேண்டுமாம். அப்படியானால் தெலுங்கிலேயே கொடுத்துவிடலாமா என்று கேட்டான் பிரவீண். கூடாது, இவருக்கென்று குழு அனுமதித்தது தமிழ்ப் படிவத்தைத்தான், மாற்றினால் மறுபடி அடுத்த மாதக் கூட்டம். சட்டத்துக்கு மூளை இல்லை என்று அதுவரை நினைத்திருந்தேன். என்னைவிடக் கெட்டிக்காரத்தனமாகத்தான் கதவை அடைத்திருந்தது.

தமிழ் படிக்கிற, சம்பந்தமில்லாத ஆள் அந்தத் தளத்தில் ஒருத்திதான். அடுத்த வார்டில் தன் தகப்பனாரைச் சேர்த்திருந்த நஸீமா. மேலப்பாளையத்துப் பெண், இங்கே சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. கேன்டீனில் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "நம்ம பக்கமா ஆன்ட்டி?" என்று வந்து ஒட்டிக்கொண்டவள். அவளை மறித்து ஒரு வார்த்தை சொல்லி வைப்பதற்குள் ஸ்வாதி உள்ளே கூட்டிப் போய்விட்டாள். குடும்பத்தார் படத்தில் தெரியக் கூடாது என்று என்னையும் பிரவீணையும் திரைக்கு இந்தப் பக்கம் நிற்க வைத்தார்கள்.

நஸீமா இரண்டு வரி வாசித்தாள். "தாங்கள் இவ்விசாரணைக்குரிய மூலக்கூற்றினை உட்கொள்ளுதலின் பொருட்டு..." நிறுத்தினாள்.

"அங்கிள், இது மனுஷங்க பேசுற தமிழ் இல்ல. நான் படிச்சுப் பாத்து எங்க பேச்சுல சொல்லட்டுமா?"

"சொல்லும்மா."

"உங்க நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமா கெட்டுக்கிட்டே வருது. இப்ப இருக்கிற எந்த வைத்தியத்துலயும் இது குணமாகாதுன்னு போட்டிருக்கு. இந்தப் புது மருந்து குணமாக்கும்னும் சொல்லல. கொஞ்ச நாள் தள்ளிப் போடலாம், போடாமலும் இருக்கலாம். ஈரலைப் பாதிக்கலாம். அது தெரிஞ்சு நீங்களா சம்மதிச்சாத்தான் குடுப்பாங்க."

"இன்னொரு வாட்டி சொல்லும்மா. குணமாகாதுன்றத."

அவள் மறுபடி சொன்னாள். இந்த முறை அவள் குரல் இறங்கியிருந்தது. அவருக்குத் தெரியாது என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

பிறகு அவர் மெதுவாக, எனக்குக் கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு சொன்னார். "வெளிய என் வீட்டுக்காரி நிக்கிறா. அவளுக்கு இது தெரிய வேணாம்மா. தாங்க மாட்டா."

திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே தாள் புரளும் சத்தம். அவர் கையெழுத்துக்கு இடம் தேடிக் கடைசிப் பக்கத்துக்குப் போயிருக்கிறார். ஸ்வாதியிடம் நான் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாளைப் படிவத்தின் பின்னால் சேர்த்திருந்தார்கள்.

"இது யாருது?"

"இது... சொந்தக்காரங்க குடுத்த உறுதிமொழி அங்கிள்."

"இது அவ கையெழுத்து. மேல இன்னா எழுதியிருக்கு, படி."

நஸீமா தாளைத் திருப்பும் சத்தம் கேட்டது.

"படிம்மா. கேமரா ஓடுதில்ல."

அவள் படித்தாள். என் கணவரின் நோய் குணப்படுத்த இயலாதது என்பதை மருத்துவர் எனக்கு விளக்கிவிட்டார், இதை நான் முழுமையாக அறிவேன். கீழே ஐந்து வாரத்துக்கு முந்தைய தேதி. தேதியை யாரும் அவருக்குப் படித்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை. எண் எல்லா மொழிக்கும் ஒன்றுதான்.

"ஹவ்" என்றார்.

ஸ்வாதி அதைச் சம்மதம் என்று நினைத்துப் பேனாவை நீட்டியது திரை இடுக்கில் தெரிந்தது. அவர் பேனாவை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, "நக்கோ" என்றார். அவளுக்காகத் தெலுங்கிலும் சொன்னார். வேண்டாம், புரிந்துதான் சொல்கிறேன், மருந்து வேண்டாம், வீட்டுக்குப் போகிறேன்.

மறுப்பதற்கு அந்தப் படிவத்தில் இடமே இல்லை. ஐந்து வாரம், இரண்டு சான்றிதழ், ஒரு முத்திரை, எல்லாம் சேர்ந்து தயாரித்த இருபத்திரண்டு பக்கத்தில், வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அதை எங்கே எழுதுவது என்று யாரும் யோசிக்கவில்லை. ஸ்வாதி ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டாள்.

6

வீட்டுக்கு வந்து மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. நான்காம் நாள், "இனிமே என் விஷயத்த என்கிட்ட பேசு. கதவுக்கு வெளிய நின்னு இங்கிலீஷ்ல பேசாத" என்றார். அதற்குப் பிறகு பேசினேன். ரத்தப் பரிசோதனையில் வந்ததை, டாக்டர் போனில் சொன்னதை, எல்லாவற்றையும் அவருக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னேன். அவர் பயப்படவில்லை. பிரவீணைக் கூப்பிட்டு, தண்ணீர் மோட்டாரை எப்படிக் கழற்றி மாட்டுவது என்று காட்டினார். என்னை பேங்குக்குக் கூட்டிப்போய்ப் பெயர் மாற்ற வேண்டியவற்றை மாற்றச் சொன்னார். முடியாது என்று தெரிந்தால் நகர்ந்துவிடுகிற ஆள் என்று முப்பது வருடம் நினைத்திருந்தேன். அவருடைய இயந்திரங்களோடு அவரையும் சேர்த்துத் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தேன்.

அந்தப் படப்பதிவைத் தருவீர்களா என்று ஒருமுறை ஆஸ்பத்திரியில் கேட்டேன். மறுத்தவர்களின் பதிவை வைத்துக்கொள்வதில்லை, அழித்துவிட்டோம் என்றாள் ஸ்வாதி. அந்த ஆஸ்பத்திரி எனக்குச் செய்த ஒரே உபகாரம் அது.

இந்தச் சட்டங்களைப் பற்றி உங்கள் ஊரில் யாராவது மேடை போட்டுப் பேசினால், சாகப்போகிறவருக்கு மருந்து கேட்கும் உரிமை என்று முழங்கினால், கேட்டுவிட்டு வாருங்கள். எனக்கு அந்தச் சட்டத்தின்மேல் இருந்த இளக்காரம் இன்னும் போகவில்லை. ஆனால் அந்த வீட்டில், அந்த வார்டில், அவரை மனிதராக நினைத்து அவரிடம் கேட்டது அது ஒன்றுதான். கேட்க விடாமல் ஐந்து வாரம் தமிழைக் கொண்டு மறித்தது நான்.

செயலாளர் விட்டுப்போன துண்டறிக்கை மேஜையில் கிடக்கிறது. கணக்கெடுக்க வந்தால் தமிழ் என்றுதான் சொல்வேன், வேறு என்ன சொல்ல. என் கணவருக்குத் தமிழில் படிக்கத் தெரிந்தது என் கையெழுத்து ஒன்றுதான். அதை வைத்துத்தான் என்னைக் கண்டுபிடித்தார்.

இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு நானாகவே கேட்டேன். "என்னத்துக்குங்க வேண்டாம்னு சொன்னீங்க? என் மேல கோவத்துலயா?"

"கோவம் இல்ல சரசு. உடம்புல ஒண்ணும் மிச்சமில்ல, அதுல மருந்து போட்டு இன்னா பண்றது." மூச்சு வாங்கிக்கொண்டு கொஞ்சம் பொறுத்துச் சொன்னார். "அதுக்கு ஒரு மாசம் முன்னாடி கேட்டிருந்தா ஹவ்னு சொல்லியிருப்பேன். அப்ப மாடி ஏறிட்டிருந்தேன்."